பிந்தியது பாட்டா, செவியா?

முதுமையில் இசைப் புகழ் பெற்றவர்களைப் பற்றி நம்மவர் பேசும்போது வியப்புச் சொற்களே மிகுதியாக வருகின்றன. "இந்த வயதில் இப்படியொரு குரலா!" என்பார் ஒருவர். "எதற்கும் நேரம் வரவேண்டும்" என்பார் மற்றொருவர். முன்னவர் கூற்றில் அன்பு உண்டு. பின்னவர் கூற்றில் ஆறுதல் உண்டு. ஆராய்ச்சியோ இரண்டிலும் இல்லை. ஒரு பெண்மணி இளமையிலேயே பாடத் தொடங்கி அறுபது வயதில்தான் ஊரறியப் பெற்றார் எனின், இடைப்பட்ட ஆண்டுகள் எங்கே போயின, யாரால் போயின என்று கேட்பதன்றோ அறிவுடைமை? அக்கேள்வியை முன்வைத்துக் கொல்லங்குடி கருப்பாயி, பரவை முனியம்மா, அட்டப்பாடி நஞ்சம்மா ஆகிய மூவரின் பாட்டையும் புகழையும் இங்கே மதிப்பிட முற்படுகின்றோம். அசாம் ஜாவா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களிலே பிறந்து வளர்ந்த நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்போருக்கு, கட்டுரையின் பிற்பகுதியில் விடை கூறுவோம்.

முதற்கண் கருப்பாயி அம்மையார். இவர் சிவகங்கை மாவட்டத்துக் கொல்லங்குடியைச் சேர்ந்தவர். வானொலியில் நாட்டுப்புறப் பாடல்களைப் பாடி வந்தவர். 1985ஆம் ஆண்டில் பாண்டியராசன் இயக்கிய 'ஆண்பாவம்' என்ற படத்தில் பாட்டியாக நடித்துப் பாடிய பின்னரே தமிழ் வழங்கும் நாடுகளெல்லாம் அவர் பெயரை அறிந்தன. அப்பொழுது அவர் வயது அறுபதை நெருங்கியிருந்தது. 1993ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு அவருக்குக் கலைமாமணி விருது அளித்தது. 2025ஆம் ஆண்டு சூன் திங்களில், தம் தொண்ணூற்றொன்பதாம் வயதில் அவர் மறைந்தார்.

அவருடைய பாட்டிலே கச்சேரி இரசிகர்கள் தேடும் மெருகு கிடையாது. குரல் சற்றே கரகரத்தது, மூக்கொலி கலந்தது. ஆயினும் சொல் ஒவ்வொன்றும் உமி நீங்கிய அரிசிபோல் தனித்து விழும். பேச்சு எங்கே முடிந்தது, பாட்டு எங்கே தொடங்கிற்று என்று பிரித்துக் காட்ட இயலாது. ஓர் அடியின் முடிவில் அவர் சிறிது நிறுத்துவார்; அந்த நிறுத்தத்திலே கேலி பிறக்கும், அல்லது துயரம் பிறக்கும். கேட்போர் சிரித்து முடிக்குமுன் அடுத்த அடி வந்துவிடும். இது வயலிலும் திண்ணையிலும், பதில் சொல்லத் தெரிந்தவர்கள் நடுவே பலகாலம் பாடிப் பழகியவர்க்கே கைவருவது. ஒலிப்பதிவுக் கூடத்திலே ஒரு திங்களிற் கற்பிக்கத்தக்க வித்தையன்று.

அடுத்து முனியம்மா அம்மையார். மதுரையை அடுத்த பரவையில் 1937ஆம் ஆண்டில் பிறந்தவர். ஊர்த் திருவிழா மேடைகளிலே நெடுங்காலம் பாடிய பிறகு, 2003ஆம் ஆண்டில் வெளிவந்த 'தூள்' படத்தில் ஒரு பாட்டைப் பாடி நடித்தார். அவ்வொரு பாட்டே அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. கருப்பாயியின் குரல் திண்ணைக்கு உரியதெனின், முனியம்மாவின் குரல் திடலுக்கு உரியது. ஒலிபெருக்கியின்றியே கூட்டத்தின் கடைசி வரிசையைத் தொடவல்லது. பறையும் உறுமியும் முழங்கும்போது அவற்றின் கீழே அடங்காமல் மேலேறி நிற்பது.

இங்கே நாம் ஒரு குறையையும் மறைக்காமற் சொல்லுதல் வேண்டும். அப்படத்தில் அவர் பாடும் நேரத்திலே கதாநாயகன் பகைவரை அடித்து நொறுக்கிக் கொண்டிருக்கின்றான். கண் சண்டையிலே நிற்கின்றது. பாட்டு அச்சண்டைக்கு எண்ணெய் வார்க்கின்றது. கிழவியின் குரலைப் பெரிதாக்கிய திரைப்படம் அதனை நாயகனின் புகழுக்கு ஏவலாளாகவும் ஆக்கிவிட்டது. கருப்பாயிக்கு வாய்த்தது பாட்டி வேடம். முனியம்மாவுக்கு வாய்த்தது வீரக் கிழவி வேடம். வேடத்திற்கு வெளியே, ஒரு முழு மாலைப்பொழுது அவர்களுடைய பாட்டை மட்டும் கேட்பதற்கென்று நகரத்துச் சபைகள் எத்துணை முறை கூடின? அவர்கள் அடைந்த வெற்றி உண்மையானதே. எனினும் அது அளந்து ஊற்றப்பட்ட வெற்றியாகும்.

நிற்க. முதுமையில் இத்தகைய வெற்றி சாத்தியமானது எங்ஙனம் என்பதைச் சற்று ஆராய்வோம். மூன்று ஸ்தாயியிலும் குரலை ஓடவிட்டு, விரைந்த பிருகாக்களைப் பொழிந்து பாடும் கச்சேரி முறைக்கு நீண்ட மூச்சும் இளகிய தொண்டையும் வேண்டும். முதுமை அவ்விரண்டையும் குறைக்கின்றது. தெம்மாங்கும் தாலாட்டும் ஒப்பாரியும் பெரும்பாலும் ஐந்தாறு சுரங்களுக்குள்ளேயே நடமாடுவன. அடிகள் குறுகியவை, மூச்சு விடுமிடம் பாட்டின் உள்ளேயே அமைந்திருக்கின்றது. நாற்று நடுபவர் குனிந்தபடியே பாடவும், தொட்டில் ஆட்டுபவர் கைவேலையோடு பாடவும் ஏற்ற உருவம் அது. அந்த உருவத்திற்கு வேண்டுவன நினைவும், சொல்லைத் தக்க இடத்தில் வைக்கும் திறமும், வாழ்க்கையிலே பட்ட அறிவுமாம். இவை மூன்றும் வயதோடு வளர்கின்றவை. தாலாட்டைப் பத்துப் பிள்ளைகளுக்குப் பாடியவர் ஒரு பிள்ளைக்குப் பாடியவரினும் நன்றாகப் பாடுவார். ஒப்பாரியைத் தாயைப் பறிகொடுத்தவர் பாடும் முறை வேறு. கற்பனையில் பாடுகின்றவர் முறை வேறு. ஆகவே, இவ்வகைப் பாட்டில் அறுபது வயது என்பது தளர்ச்சியின் வயதென்று கொள்ளற்கில்லை. விளைச்சலின் வயதென்றே கொள்ளத்தக்கது.

இவ்வுண்மையை உணராமையினாலே எழுந்த ஒரு வழக்கை இனி நோக்குவோம். கேரள நாட்டிலே, பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி மலையில் வாழும் இருளர் பழங்குடியைச் சேர்ந்தவர் நஞ்சம்மா. ஆடு மாடு மேய்த்து வாழ்ந்தவர். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த 'அய்யப்பனும் கோசியும்' என்ற மலையாளப் படத்திற்காக, தாமே புனைந்த பாட்டொன்றை இருள மொழியிலேயே பாடினார். அம்மொழி நம் தமிழுக்கு நெருங்கிய உறவுடையது. செவிகொடுத்துக் கேட்கும் தமிழர்க்குப் பாதிக்கு மேல் விளங்கும். பூத்து நிற்கும் சந்தன மரத்தையும் வானத்திலே பறக்கும் விமானத்தையும் சேர்த்துப் பாடுகின்றது அப்பாட்டு. காட்டுமரத்திற்குப் பக்கத்திலே விமானத்தை வைப்பதற்கு அப்பாட்டியாருக்கு எவ்விதத் தயக்கமும் இல்லை. கண்ணிற் கண்டதையெல்லாம் பாட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் இவ்வுயிர்ப்பே நாட்டுப் பாட்டின் இலக்கணம். நாட்டுப் பாட்டைப் பழம்பொருளாகக் கருதிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க விரும்புவோர் இதனைக் கவனித்தல் நலம்.

2022ஆம் ஆண்டு சூலைத் திங்களில், 2020ஆம் ஆண்டிற்குரிய சிறந்த பின்னணிப் பாடகி என்னும் இந்திய அரசின் தேசியத் திரைப்பட விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அவர்களிடமிருந்து அதனை அவர் பெற்றுக்கொண்டார். அப்பொழுது அவர் அறுபது வயதளவினர். அவரைப் படத்திற்குக் கொண்டுவந்த இயக்குநர் சச்சி அதனைக் காணாமலே 2020ஆம் ஆண்டு சூன் திங்களில் இறந்துபோனார்.

விருது அறிவிக்கப்பட்டவுடன் ஓர் எதிர்ப்புக் குரலும் எழுந்தது. இசைக்காகவே வாழ்நாளை ஒப்படைத்துப் பல்லாண்டு பயின்றவர்கள் இருக்க, முறையாகப் பயிலாத ஒருவருக்கு இவ்விருதை அளித்தல் தகுமா என்பது அதன் கருத்து. சுருதி கொடுத்தால் அதற்கிணங்க இன்னொரு பாட்டை அவரால் பாட முடியுமா என்றும் கேட்கப்பட்டது. இசையுலகத்தாரிற் பலர் உடனே நஞ்சம்மாவின் பக்கம் நின்றனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும் எதிர்ப்பை வசைமொழியால் ஒதுக்கிவிடுதல் நமக்குப் பொருந்தாது. அதற்கு விடை கூறவே கடமைப்பட்டுள்ளோம்.

பயிற்சி வேண்டும் என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகின்றோம். பயிலாமல் எக்கலையும் வாராது. நஞ்சம்மா பயிலாதவர் என்று கூறியதே பிழை. காட்டிலே மாடு மேய்க்கையிற் பாடியதும், தம் இனத்தாரின் ஆட்டத்திலும் சடங்கிலும் பாடியதும், பிள்ளைகளை உறங்க வைக்கப் பாடியதும் பயிற்சியாகாவோ? ஆசிரியர் பெயரும் பாடத்திட்டமும் சான்றிதழும் இருந்தால்தான் பயிற்சி என்பீராயின், உழவு பயின்றவர் யார்? கொத்து வேலை பயின்றவர் யார்? நம் தோட்டங்களிலே பட்டை காயப்படாமல் பால்மரம் வெட்டக் கற்றவர்கள் எந்தப் பள்ளியிலே கற்றார்கள்? இன்னும் ஒன்று. அவ்விருது ஒரு படத்தில் பாடிய பாட்டிற்கு அளிக்கப்பட்டது. அப்பாட்டை அப்பொருளுணர்ச்சியோடு பாடவல்லவர் யாரென்பதே நடுவர் முன் இருந்த கேள்வி. எல்லாப் பாட்டையும் பாடவல்லவர் யார் என்ற கேள்வியை அங்கே கொணர்தல் வழக்கை மாற்றுவதாகும். கச்சேரி வித்துவானைக் கூட்டி வந்து மலைச்சாரலிலே நின்று ஆட்டுக்குரலுக்கும் காற்றுக்கும் எதிரே பாடச் சொல்லி, அதனால் அவர் பயிலாதவர் என்று தீர்ப்புரைப்பது முறையாகுமோ?

இக்குற்றத்தில் நம்மவர்க்கும் பங்குண்டு. 1943ஆம் ஆண்டில் அண்ணாமலைச் செட்டியார் முதலியோர் முயற்சியால் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. தமிழ்நாட்டு மேடையிலே தமிழ்ப்பாட்டு துக்கடாவாகக் கடைசியில் வந்துகொண்டிருந்த இழிவைப் போக்க எழுந்த அவ்வியக்கம் நியாயமானது, போற்றத்தக்கது. ஆனால் அதன் முன்னணியில் நின்றவை தேவாரமும் கீர்த்தனையுமாம். நடவுப் பாட்டும் ஒப்பாரியும் தமிழிலேயே இருந்தன. தமிழிசை என்ற பந்தியிலே அவற்றிற்கு இலை போடுவதற்குப் பலர் எண்ணவில்லை. மொழிக்காக வாதாடிய நாவே, வாய்களுக்குள் வேற்றுமை பாராட்டிற்று.

பெண்ணாயிருத்தல் மற்றொரு தடை. இளம்பெண் பலர் நடுவே வாய்விட்டுப் பாடினால் அவளுடைய ஒழுக்கத்தையே ஐயுற்ற சமூகம் நம்முடையது. பேரன் பேத்தி எடுத்த பின்னர், இனி இவளால் குடும்பத்திற்குப் பழி வாராது என்று தெரிந்த பின்னரே அவளுக்குப் பாடும் உரிமை கிடைக்கின்றது. முதுமையில் வந்த வெற்றி என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பகுதி, முதுமையில் அவிழ்க்கப்பட்ட கட்டே ஆகும். 1953ஆம் ஆண்டில் வாசன் அவர்களின் ஜெமினி நிறுவனம் 'ஔவையார்' படத்தை வெளியிட்டபோது, கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரைக் கோலூன்றிய கிழவியாகக் கண்டு தமிழ் மக்கள் கண்ணீர் பெருக்கினர். அவர் அப்பொழுது நாற்பத்தைந்து வயதை நெருங்கியவர். சிறுவயது முதலே மேடையிற் புகழ் பெற்றவர். பாடும் கிழவியை நாம் போற்றாதவர்களல்லோம். ஔவை என்று பெயரிட்டுத் திரையிலே காட்டினால் கைகூப்புகின்றோம். நம் வீட்டுத் தாழ்வாரத்திலே உட்கார்ந்து பாடினாலோ, "சும்மா இரு ஆத்தா" என்கின்றோம்.

புகழ் வந்த பின் நிகழ்ந்ததையும் சொல்லாவிடில் மதிப்பீடு நிறைவுறாது. 2015ஆம் ஆண்டில் முனியம்மா நோயுற்று வறுமையில் வாடுகின்றார் என்ற செய்தி பரவிய பின்னரே உதவிகள் அவரைத் தேடி வந்தன. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் மறைந்தார். கருப்பாயி அம்மையாரும் முதுமையிலே பொருள் முட்டுப்பாட்டை அறியாதவரல்லர். பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கப் பாடியவர் வீட்டில் அடுப்பு எரியாதிருப்பின், அவ்வெற்றியை முழு வெற்றி என்று எந்த நாவால் கூறுவது?

இனி, நம்மைப் பற்றிய பகுதிக்கு வருவோம். நம் முன்னோர் கடல் கடந்து இவ்வட்டாரத்துக்கு வந்தபோது இராமநாதபுரத்துப் பாட்டும் சேலத்துப் பாட்டும் வடஆர்க்காட்டுப் பாட்டும் உடன் வந்தன. தோட்டத்து வேலையோ பாட்டின் உருவத்தை மாற்றியது. நாற்று நடுகையில் பத்துப்பேர் ஒரே வரிசையிலே நின்று பாடலாம். பால்மரம் வெட்டுகின்றவர் பொழுது விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பின்னர் தம் பங்கு மரங்களிடையே தனியே நடக்கின்றார்; எதிர்ப்பாட்டுச் சொல்லுவார் அருகில் இல்லை. ஆகவே கூட்டு வேலைப்பாட்டு மெல்ல மெலிந்தது என்பது நம் கருத்து. தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் லயத்திலே தங்கி வாழ்ந்தன. பின்னர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிற்காலத்திலே தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்பு மனைகளாயின. பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அறிந்த ஊர் 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. லயங்கள் கலைந்தபோது, ஒரு பாட்டைத் தொடங்கினால் அடுத்த அடியை எடுத்துக் கொடுக்கத் தெரிந்த அண்டை வீட்டார் நாலு திக்கிலும் சிதறினர்.

சில ஆண்டுகளுக்கு முன் அசாம் ஜாவாவை அடுத்த ஒரு துக்க வீட்டிற்கு நாம் சென்றிருந்தோம். இறந்தவர் தோட்டத்திலே வேலை செய்து ஓய்ந்த மூதாட்டி. அவருடன் ஒரே லயத்தில் வாழ்ந்த மற்றொரு மூதாட்டி, எண்பதை எட்டியவர், தலைமாட்டில் அமர்ந்து ஒப்பாரி தொடங்கினார். அவ்வொப்பாரியிலே இறந்தவரின் வாழ்க்கை முழுதும் வந்தது. மழைநாளிலே வேலையின்றிக் கூலி போனதும், ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு இருட்டிலே நடந்ததும், பால் வாளியின் கனமும், தோட்டம் விற்கப்பட்ட நாளில் கோயில் சாமான்களை லாரியில் ஏற்றியதும் ஒவ்வொன்றாக வந்தன. எந்த வரலாற்று நூலிலும் நாம் அவற்றை அவ்வாறு கண்டதில்லை. குரல் நடுங்கிற்று, தாளம் பிறழவில்லை. அப்பொழுது வீட்டு இளைஞர் ஒருவர் பணிவாகவே வந்து, "பாட்டி, போதும், பெட்டியிலே பாட்டுப் போடப் போகிறோம்" என்றார். மூதாட்டி நிறுத்திவிட்டார். ஒலிபெருக்கியிலே யாரோ பாடிய பதிவு ஒலிக்கத் தொடங்கிற்று. அங்கே இருந்தவருள் எவரும் மறுத்துரைக்கவில்லை. நாமும் மறுத்துரைக்கவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதுவித்தது.

அம்மூதாட்டிக்கும் கருப்பாயிக்கும் இடையே திறமையில் எத்துணை வேறுபாடு உண்டென்று நம்மால் கூறவியலாது. வாய்ப்பில் உண்டான வேறுபாட்டை மட்டும் கூறலாம். ஒருவரை வானொலியும் படமும் கேட்டன. மற்றவரைத் துக்க வீடும் முழுதாகக் கேட்கவில்லை.

ஆகவே தோழர்களுக்கு நாம் கூறுவன சிலவே. பொங்கல் விழாவிலும் தமிழ்ப்பள்ளி விழாவிலும் திரைப்பாட்டு ஆட்டத்திற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குகின்றோம். அதில் அரைமணி நேரத்தை ஊரிலுள்ள முதிய பாடகியருக்கு ஒதுக்குவோம். மாலை போட்டு அனுப்பிவிடாமல் கையிலே பணமும் கொடுப்போம். கருவியிசை வாசிப்பவருக்குக் கூலி உண்டென்றால் பாடுகின்ற கிழவிக்கும் உண்டு. ஒவ்வொருவர் கையிலும் இன்று ஒலிப்பதிவு செய்யும் தொலைபேசி இருக்கின்றது. பாடுபவரின் இசைவைப் பெற்று, அவர் பெயர், வாழ்ந்த தோட்டம், பாட்டைக் கற்ற இடம் ஆகியவற்றையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்து பதிவோம். ஒப்பாரியைக் காட்சிக்காகப் பாடுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது. அது துக்கத்திற்கு உரியது. ஆனால் துக்க வீட்டிலே அது தானாக எழும்போது பெட்டியை நிறுத்திவிட்டுக் கேட்கலாம். தமிழ்நாட்டிலே 1958ஆம் ஆண்டில் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி'யும், 1964ஆம் ஆண்டில் நா. வானமாமலை வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்ற தொகுப்பும் பாட்டின் சொல்லைக் காப்பாற்றின. குரலை அச்சிலே காப்பாற்ற முடியாது. அது பாடுகின்றவரோடு போய்விடும்.

முதுமையில் வெற்றி பெற்ற மூவரைக் கண்டு மகிழ்வோம். அவர்களைப் பார்த்து, "காத்திருந்தால் எல்லார்க்கும் வரும்" என்ற பாடத்தை மட்டும் படித்துவிட வேண்டா. அவர்கள் காத்திருக்க விரும்பியவர்களல்லர், காக்க வைக்கப்பட்டவர்கள். அசாம் ஜாவாவில் நாம் கண்ட அம்மூதாட்டிக்கு எண்பது வயது அன்றே ஆகியிருந்தது. அவர் பாடவேண்டியதைப் பாடி முடித்துப் பல்லாண்டுகளாயின. இனிச் செய்ய வேண்டியது கேட்போர் பொறுப்பு.